நானூற்றுப் பதினேழாம் குளம்

பவானேஸ்வரிக்கு வழி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலாக்காவின் புக்கிட் காத்தில் பகுதி வீட்டிலிருந்து ஆயர் குரோ ஆபீசுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் போய் வருகிறார். இன்றைக்கும் கைப்பேசி சொன்னால்தான் வலது பக்கம் திரும்புவார். ஒரு தடவை சார்ஜ் தீர்ந்துபோய், தங்கா பத்துக் கடற்கரையில் கார் முட்டாத குறையாகப் போய் நின்று, ரொட்டி சானாய் கடைக்காரரிடம் போன் வாங்கி, "என்னங்க, எனக்கு முன்னால கடல் தெரியுது, நான் எங்க இருக்கேன்?" என்று கணவர் ஹரிதாஸிடம் கேட்ட பெண்மணி அவர். அப்படிப்பட்டவர் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? வரைபடம் போடுகிறார்!

அதுவும் லேசுப்பட்ட வரைபடமா? ஐந்து நாளைக்கு ஒருமுறை, காலை பதினொன்றேகால் மணி வாக்கில், ஒரு செயற்கைக்கோள் மலாக்காவின் தலைக்கு மேலே போகும். அது எடுக்கிற படம் பவானேஸ்வரியின் கணினிக்கு வந்து சேரும். கணினி அந்தப் படத்தைப் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இது காடு, இது எண்ணெய் எடுக்கிற செம்பனை, இது கட்டடம், இது தண்ணீர் என்று நிறம் பூசிக் கொடுக்கும். அது சரியா என்று பார்த்து, ஓரங்களைத் திருத்தி, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் தன் முதலெழுத்துகளைப் போடுவது பவானேஸ்வரியின் பொறுப்பு. டயர் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி. முதலாளி டெரன்ஸ், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கீழே டயர் கடையில் பவானேஸ்வரிக்குப் பெயர் சேட்டலைட் அக்கா.

இருபத்திரண்டு வருஷத்தில் தன் வரைபடத்தில் ஒரு தப்பு வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஒரு முறை ஒருவர் தன் டுரியான் தோட்டத்தைக் காடு என்று போட்டிருக்கிறார்கள் என்று ஆபீஸ் படியேறி வந்து சத்தம் போட்டார். பவானேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "படம் பொய் சொல்லாதுங்க. தரைதான் மாறியிருக்கும். போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மூன்று வருஷமாகத் தோட்டத்துப் பக்கம் போகாத மனிதர் போய்ப் பார்த்தார். காடாகத்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து 'படம் பொய் சொல்லாது, தரைதான் மாறியிருக்கும்' என்பது பவானேஸ்வரிக்கு மந்திரம். வீட்டில், உறவில், கல்யாணப் பந்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார்.

இப்படி இருக்கையில்தான் மாநிலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அணையில் நீர்மட்டம் இறங்கி, குழாயில் காற்று வந்து, வாளி தூக்கி அலைந்து முடித்த பிறகு, மேலிடத்தில் ஞானோதயம் ஆயிற்று. மாநிலத்தில் இருக்கிற குளம், குட்டை, பழைய ஈயச்சுரங்கக் குட்டை, மீன்குளம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரைபடத்தில் ஏற்று; பதிவான குளத்தைச் சுற்றி யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று உத்தரவு. வேலை டெரன்ஸின் கம்பெனிக்குக் கிடைத்தது.

இந்த ஊரில் ஆகாயத்திலிருந்து படம் எடுப்பதில் ஒரே ஒரு தொல்லை, மேகம். ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் வருகிறதே தவிர, பாதிப் படத்தில் பஞ்சுப் பொதிதான் தெரியும். சிம்பாங் அம்பாட் பக்கத்துக்கு ஒரு வருஷப் படத்தையும் புரட்டிப் பார்த்து, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஒரே ஒரு படத்தைப் பவானேஸ்வரி பிடித்தார். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எடுத்தது. அந்தப் படத்தில் கணினி நானூற்றுப் பதினேழாவதாக ஒரு குளத்தைக் காட்டியது. செம்பனைக்கு நடுவே ஆறு கட்டம் அளவுக்கு, நேரான ஓரங்களோடு நீல நிறம். 'மீன் வளர்க்க யாரோ வெட்டியிருக்கிறார்கள், ஓரம் எவ்வளவு ஒழுங்கு!' என்று மனசுக்குள் பாராட்டிவிட்டு முதலெழுத்துகளைப் போட்டார். அதோடு அதை மறந்தும் போனார்.

தை மாதம் ஹரிதாஸின் மூத்த அக்கா ஜானகியிடமிருந்து போன் வந்தது.

ஜானகியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிம்பாங் அம்பாட்டுக்கு வெளியே, பழைய தோட்டத்து மூலையில், மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஏழு வீடுகள். அதில் ஒன்று ஜானகியுடையது. தோட்டம் கைமாறி, கைமாறி, கடைசியில் ஒரு கிடங்குக் கம்பெனி வாங்கிவிட்டது. கோயிலையும் ஏழு வீட்டையும் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போகிறார்கள். நாலு வருஷம் மனு, ஊர்வலம், பத்திரிகைப் பேட்டி எல்லாம் ஆகி, ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் முடிவுக்குள் காலி செய்யவேண்டும். மாற்று இடமாக லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடி தருவதாகச் சொன்னார்கள். ஜானகிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பள்ளிக்கூடக் கேன்டீனில் முப்பது வருஷம் நின்ற கால்கள். நாலு மாடி ஏறினால் மறுபடி இறங்கமாட்டார், அவ்வளவுதான். பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தவர் இப்போது போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பவா, கேட்டியா! கவர்மெண்டு சூராட், கடுதாசி வந்திருக்கு. கம்பெனிக்குக் கட்ட அனுமதி இல்லையாம் லா! நம்ம எடத்துல கொளம் இருக்காம்!"

"கொளமா? அங்க ஏது அண்ணி கொளம்?"

"அதான் எங்களுக்கும் தெரியல. ஆத்தா குடுத்திருக்கா. ஞாயித்துக்கெழமை நன்றிப் பூசை, சாப்பாடு. தம்பியக் கூட்டிட்டு வந்துடு."

போனார்கள். கோயில் தலைவர் வீராசாமி, பழைய லாரி டிரைவர், கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மன் காலடியில் வைத்திருந்தார். தீபாராதனை முடிந்ததும் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கூட ஒரு வரைபடம். அதில் நீலத்தில் ஒரு சின்னச் செவ்வகம், பக்கத்தில் 417 என்ற எண், அதற்குக் கீழே முதலெழுத்துகள். அவை பவானேஸ்வரியின் முதலெழுத்துகள்.

கைப்பேசியில் இடத்தைப் போட்டுக்கொண்டு நடந்தார். கோயிலைத் தாண்டி இருபது அடி, அப்புறம் இடது பக்கம். கைப்பேசியில் அவரைக் காட்டும் புள்ளி குளத்துக்குள் இறங்கி, நடுவில் போய் நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். மேலே நீல நிறக் கென்வாஸ் கூடாரம். கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"ஆடித் திருவிழாவுக்கும் இதே எடத்துலதான் போட்டோம்" என்றார் பின்னால் வந்த வீராசாமி. "இதே கூடாரம்தான், மூணையும் சேத்துக் கட்டினோம். ஞாபகம் இருக்காம்மா? அன்னிக்கு ஒரு சொட்டு மழை இல்ல! விடிய முன்னாடியே நான் ஈர்க்குச்சில காஞ்ச மொளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி நாலு மூலையிலயும் நட்டுட்டேன். மேகம் அந்தாண்ட ஜாசின் பக்கம் ஓடிருச்சு."

ஞாபகம் இருக்காதா? அன்றைக்குப் பதினொரு மணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்புக் குறைவு என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர் பவானேஸ்வரிதான். ஒரு வருஷப் படத்தில் ஒரே ஒரு தெளிவான படம் கிடைத்ததே என்று ஆபீசில் பெருமைப்பட்டாரே, அந்தத் தெளிவு வீராசாமியின் மிளகாயால் வந்தது. அந்த நீலக் குளத்துக்குள் அவரே இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரச வாளியோடு போய்க்கொண்டிருந்த ஜானகியைக் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்தார்.

"அண்ணி, அது கொளம் இல்ல. இந்தக் கூடாரம். கென்வாஸ் நீலமா பளபளன்னு இருக்குல்ல, கம்பியூட்டர் இதத் தண்ணின்னு நெனச்சிருச்சு. நானும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஜானகி வாளியைக் கீழே வைத்தார். கூடாரத்தைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீயும் இதுக்கு அடியிலதானே ஒக்காந்திருந்த?"

"ஆமா."

"ஒன் தலைக்கு மேல இருந்தது ஒனக்கே தெரியலையா?"

"மேலேர்ந்து பாத்தா எப்படி அண்ணி தெரியும்?"

ஜானகிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம், "சத்தம் போடாத. போய்ப் பாயசம் வாங்கிக்க" என்றார்.

திங்கட்கிழமை பவானேஸ்வரி மற்ற எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்து கணினியைத் திறந்தார். தப்பு என்றால் திருத்தவேண்டும், அவ்வளவுதானே. 417-ஐத் தொட்டு, அழிக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. தட்டுவதற்கு முன்னால், அந்த ஏழு வீடும் எங்கே என்று தேடினார். இல்லை. கோயிலும் இல்லை. அரை ஹெக்டேருக்குக் குறைந்த கட்டடம் எதுவாக இருந்தாலும் சுற்றியிருப்பதோடு சேர்த்துவிடு என்பது விதி. ஏழு வீட்டையும் கோயிலையும் செம்பனை விழுங்கியிருந்தது. தண்ணீருக்கு மட்டும்தான் விதிவிலக்கு, ஒரு துளியையும் விடக்கூடாது. ஆக, முப்பது பேர் இருக்கிற இடத்தில் படத்தில் இருந்தது இல்லாத குளம் ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டால் அங்கே வெறும் செம்பனை. ஜானகி நாலாவது மாடியில்.

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. டெரன்ஸ் வந்து, "என்ன அக்கா, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்று கேட்டார். "ரோட்ல ஜாம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினார். அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பை விட்டுவைத்தது அதுதான் முதல் தடவை.

கிடங்குக் கம்பெனி சும்மா இருக்குமா? மேல்முறையீடு செய்தது. மே மாதக் கடைசியில் புதிய படத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் நேரில் போய், குளம் இருக்கிறதா இல்லையா என்று வரைபடம் போட்டவர்களே சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. பவானேஸ்வரி ஜானகிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார்.

"நீதானே எப்பவும் சொல்லுவ, படம் பொய் சொல்லாது, தரைதான் மாறியிருக்கும்னு?" என்றார் ஜானகி.

"அதுக்கு?"

"அப்ப தரையத்தான் லா மாத்தணும்."

மறுவாரமே ஒரு மண்வாரி இயந்திரம் வந்தது. கூடாரம் போட்ட இடத்தில், வரைபடத்தில் இருக்கிற அளவுக்கு, கோடு பிசகாமல் இரண்டு நாளில் தோண்டினார்கள். மூலைக்கு மூலை அளவு சொன்னது யார் என்று கேட்காதீர்கள். போனில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது என்று மட்டும் வீராசாமி பிற்பாடு சொன்னார். இப்போது பெரிய பள்ளம் தயார். தண்ணீர்?

மாசி, பங்குனி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. வீராசாமி அம்மன் முன்னால் கைகட்டி நின்றார். "ஆத்தா, மழை வேணாம்னு கேட்டவனும் நான்தான், வேணும்னு கேக்கறவனும் நான்தான், கோவிச்சுக்காத" என்று வேண்டிக்கொண்டார். மிளகாய்க்குச்சி இன்னும் எங்காவது மண்ணில் நின்று மழையைத் தடுக்கிறதோ என்று ஏழு வீட்டுப் பெண்களும் புல்லுக்குள் தேடி, மூன்றைக் கண்டெடுத்தார்கள். நாலாவது கிடைக்கவே இல்லை. சித்திரை பிறந்ததும் பிடித்தது பாருங்கள் மழை! பத்தே நாளில் பள்ளம் நிரம்பி வழிந்தது. நாலாவது குச்சி அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் வீராசாமி.

குளம் வந்தாயிற்று. ஆனால் பார்த்தாலே தெரிந்தது, நேற்று வெட்டியது என்று. சுற்றிலும் செம்மண் பச்சைப் புண் மாதிரி கிடந்தது. பழைய குளமாகத் தெரியவேண்டாமா? ஜானகி முழங்கால் வலியோடு போய், பெரிய வாய்க்காலில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை மூட்டை மூட்டையாக அள்ளிவரச் செய்தார். ஓரத்தில் கங்கோங் கீரை நட்டார்கள். ஆகாயத்தாமரைக்குச் சொல்லியா தரவேண்டும்? நாலே வாரத்தில் கரைக்குக் கரை, ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாமல் பச்சைப் பாய் விரித்துவிட்டது. ஐம்பது வருஷத்துக் குளம் என்று சத்தியம் செய்யலாம்.

மே மாதப் படம் வந்தது. அதிசயமாக அதிலும் மேகம் இல்லை. கணினி நிறம் பூசியது. டெரன்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, 417-ல தண்ணியே இல்ல. புல்லுன்னு காட்டுது. முடிஞ்சது லா. அழிச்சிட்டு ரிப்போர்ட் அனுப்பிடுங்க."

பவானேஸ்வரிக்குத் தலை சுற்றியது. தண்ணீர் இல்லாதபோது தண்ணீர் என்றது. தண்ணீர் நிரம்பி வழியும்போது புல் என்கிறது!

"போய்ப் பாக்கணும்" என்றார்.

"எங்க?"

"எடத்துக்கு. நேர்ல."

டெரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா அக்கா? படம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே..."

"சொல்லுவேன். இப்ப போய்ப் பாக்கணும்ங்கறேன்!" என்று பவானேஸ்வரி போட்ட சத்தத்தில் டெரன்ஸ் கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கிடங்குக் கம்பெனி சார்பில் நிவேந்திரன் என்ற இளைஞர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வெள்ளைக் காலணி, கையில் இரண்டு படமும் அச்சடித்த தாள்கள். ஏழு வீட்டுக்காரர்களும் கோயில் பக்கத்தில் கும்பலாக நின்றார்கள். ஜானகி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலைத் தேய்க்கிற கை நிற்கவே இல்லை.

"ஆன்டி, புதுப் படத்துல தண்ணி இல்ல. இங்கயும் புல்லுதான் தெரியுது. அப்புறம் என்ன?" என்றார் நிவேந்திரன்.

"உள்ள கால் வச்சுப் பாருங்க தம்பி."

நிவேந்திரன் தன் வெள்ளைக் காலணியைப் பார்த்துக்கொண்டார். நகரவில்லை. பவானேஸ்வரி ஆபீஸ் செருப்போடு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சைக்குள் ஒரு அடி வைத்தார். கால் முழங்கால் வரைக்கும் சளக்கென்று உள்ளே போனது. இரண்டாவது அடியில் இடுப்பு வரை நனைந்தது. ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாக நிறம் பூசிப் பார்த்த தண்ணீர் இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"தண்ணி" என்றார், திரும்பி.

"சரி, இப்ப இருக்கு" என்றார் நிவேந்திரன். ஆள் கெட்டிக்காரர். "இது புதுசா வெட்டினதா இருக்கலாம். போன வருஷ ஆடி மாசம், முதல் படம் எடுத்தப்போ இருந்துச்சா? நீங்க ஆபீஸ்ல ஒக்காந்து கையெழுத்துப் போட்டீங்க. கண்ணால பாத்தீங்களா?"

"அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்."

"இங்கயா?"

"திருவிழாவுக்கு வந்தேன். பதினொன்னேகால் மணிக்கு இதே எடத்துலதான் இருந்தேன். ஏழு வீட்டுக்காரங்களையும் கேளுங்க."

அதுவரைக்கும் எல்லாம் உண்மை. நிவேந்திரன் அவர் முகத்தையே பார்த்தார். "அப்ப இங்க கொளம் இருந்துச்சா, ஆன்டி? ஆமாவா, இல்லையா?"

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி பவானேஸ்வரி கரையைப் பார்த்தார். ஜானகியின் கை முழங்காலில் அசையாமல் நின்றுவிட்டிருந்தது. இல்லை என்று சொன்னால் அதுதான் உண்மை, தான் செய்த ஒரே தப்பும் திருந்திவிடும். எரிச்சலாக வந்தது, தன்மேல், அந்தப் படத்தின்மேல், தன்னைக் கேள்வி கேட்கிற இந்தப் பிள்ளையின்மேல்.

"இருந்துச்சு" என்றார்.

நிவேந்திரன் கையிலிருந்த ஆடி மாதப் படத்தைப் பார்த்தார். நீலம், நேரான ஓரம், ஆறு கட்டம். நேரில் பார்த்த சாட்சியும் படமும் ஒன்றையே சொல்கின்றன. தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்தார். பவானேஸ்வரி கரையேறி, ஈரக் கையோடு படிவத்தை வாங்கி, 'நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில், வேலையில் முதல் தடவையாக, முழுப் பெயரையும் எழுதினார். தாளில் சேறு ஒட்டியது.

நிவேந்திரனின் கார் போன பிறகு ஜானகி எழுந்து, வலியோடு நடந்து வந்து, தம்பி பெண்டாட்டியின் ஈரப் புடவையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். ஜானகியின் கண் கலங்கியிருந்தது. தலைவர் வீராசாமிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, ஆடித் திருவிழா வருது. கூடாரம் போட்ட எடத்துல தண்ணி நிக்குது. இந்த வருஷம் எங்க போடறது?"

"எங்க வேணும்னாலும் போடுங்கண்ணே" என்றார் பவானேஸ்வரி, ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "நீலம் மட்டும் வேணாம்."